விரலா, கார்டா: அலுவலகக் கணினிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

சாய ஆய்வகத்தில் வேலை செய்யும் அந்தப் பெண் வலது கட்டைவிரலைக் கருவியின் கண்ணாடி மேல் வைத்தார். ஏற்கவில்லை. சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் ஏற்கவில்லை. பிறகு விரலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ரேகை ஓட வேண்டிய இடம் நெடுநாள் புழங்கிய நாணயம் போலத் தேய்ந்து மழுங்கியிருந்தது. நக இடுக்கில் நீலச் சாயம். சோடா ஆஷ், பெராக்சைடு, உப்புக் கரைசல் என்று நாள் முழுக்கத் துணி மாதிரிகளை முக்கி எடுக்கும் கை அது. ரேஷன் கடையிலும் தன் ரேகை விழுவதில்லை, கணவரை அழைத்துப் போய்த்தான் அரிசி வாங்குகிறேன் என்றார். ஏதோ தன்மேல் தப்பு இருப்பதுபோல் குரல் தாழ்ந்திருந்தது. தப்பு அவருடையது இல்லை. அந்த அலுவலகத்துக்கு 40 கைரேகை ரீடர்களைப் பரிந்துரைத்தவன் நான்.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். 17 ஆண்டுகளாகிறது. அந்த நாளுக்குப் பிறகு, கைரேகையா ஸ்மார்ட் கார்டா என்று யார் கேட்டாலும் நான் விலைப்பட்டியலை எடுப்பதில்லை. நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அலுவலகத்தைச் சுற்றி வருகிறேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

மேசை மேசையாகப் பாருங்கள்

ஒவ்வொரு கணினிக்கும் நோட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள். இதில் உட்காருபவர் ஒருவரா, பலரா? அவர் இந்த ஒரு கணினியோடு நிற்பவரா, நாலு இடம் போய் உட்காருபவரா? அவர் கை என்ன வேலை செய்கிறது? இந்த மூன்றையும் எழுதுங்கள்.

ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் ஒருவருக்கு ஒரு லேப்டாப், வேறு யாரும் தொடமாட்டார்கள். அங்கே கைரேகை அழகாகப் பொருந்தும். ஸ்டோர்ஸில் இருக்கும் ஒரே கணினியை மூன்று ஷிப்டிலும் சேர்த்து 14 பேர் பயன்படுத்துகிறார்கள் என்று வையுங்கள். விண்டோஸில் கடவுச்சொல்லுக்குப் பதில் விரலால் நுழைய மைக்ரோசாஃப்ட் தரும் ஏற்பாட்டுக்கு விண்டோஸ் ஹலோ என்று பெயர். நிறுவனங்களுக்கான அதன் வடிவமான விண்டோஸ் ஹலோ ஃபார் பிசினஸ் முறையில் ஒரு கணினியில் அதிகபட்சம் 10 பேர்தான் பதிய முடியும். பதினொன்றாம் ஆள் வரும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் ஹலோவில் பதிந்த ரேகை அந்தக் கணினியை விட்டு வெளியே போவதில்லை. பாதுகாப்புக்கு அது மிக நல்லது. ஆனால் கட்டிங், செக்கிங், பேக்கிங் என்று ஐந்து இடங்களில் கணக்கு ஏற்றும் மேற்பார்வையாளர் ஐந்து கணினியிலும் தனித்தனியாக விரல் பதிய வேண்டும். ஒரு கணினியை மாற்றினால் மறுபடி பதிய வேண்டும். கார்டு அப்படி இல்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எந்த மேசைக்கும் போகலாம்.

கைகளைப் பற்றி எழுதும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். சாயம், பிளீச்சிங், கறை நீக்கும் திரவம், நாள் முழுக்க அட்டைப்பெட்டி தூக்குவது, வீட்டில் பாத்திரம் துலக்கும் தூள் என எல்லாமே ரேகையைத் தின்னும். வயதானவர்களுக்குத் தோல் வறண்டு ரேகை மங்கும். கையுறை போட்டு வேலை செய்பவர் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றப் போவதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது

கைரேகை ரீடர் விரலின் படத்தை அப்படியே வைத்துக்கொள்வதில்லை, அல்லது வைத்துக்கொள்ளக் கூடாது. ரேகை பிரியும் இடங்கள், முடியும் இடங்கள் ஆகியவற்றின் அமைப்பை ஒரு வார்ப்பாகக் குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை வரும் விரல் அந்த வார்ப்புக்குப் போதுமான அளவு ஒத்திருக்கிறதா என்று பார்க்கிறது. 'போதுமான அளவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். கடவுச்சொல் என்றால் சரி அல்லது தவறு, அவ்வளவுதான். விரலில் எப்போதும் ஒரு மதிப்பீடு இருக்கிறது. ஒத்திருக்கிறது என்று முடிவானதும், கணினியின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லுக்குள் இருக்கும் ரகசியச் சாவி திறக்கப்பட்டு, அதுதான் சர்வரிடம் ஆளை நிரூபிக்கிறது. ஆகவே விண்டோஸ் ஹலோவில் உங்கள் விரலோடு அந்தக் கணினியும் சேர்ந்தே சாட்சி சொல்கிறது.

ஸ்மார்ட் கார்டில் அந்த ரகசியச் சாவி கார்டின் பொன்னிறச் சில்லுக்குள் இருக்கிறது. சர்வர் ஒரு சவாலை அனுப்பும். சில்லு அதில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். சாவி ஒருபோதும் வெளியே வராது. கையொப்பமிட வைக்க, ஏடிஎம் கார்டுக்கு இருப்பது போல ஒரு ரகசிய எண், அதாவது பின் (PIN) எண் வேண்டும். குறிப்பிட்ட சில முறை தவறாகப் போட்டால் சில்லு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். கார்டு மட்டும் கிடைத்தவனுக்கும் பயனில்லை, எண் மட்டும் தெரிந்தவனுக்கும் பயனில்லை.

ஏற்றுமதி அலுவலகத்தில் இதை விளக்க எனக்கு ஓர் எளிய வழி உண்டு. வெளிநாட்டு வணிகத் துறையின் டிஜிஎஃப்டி, சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளங்களில் கையொப்பமிட அக்கவுண்ட்ஸ் மேசை இழுப்பறையில் ஒரு டிஎஸ்சி டோக்கன், அதாவது மின்னணுக் கையொப்பச் சாதனம், கிடக்கும் அல்லவா? அதற்குள் இருப்பதும் இதே வகைச் சில்லுதான். பென் டிரைவ் போலத் தோன்றும் ஸ்மார்ட் கார்டு அது. அந்த டோக்கனைக் கணினி உள்நுழைவுக்குப் பயன்படுத்த வேண்டாம். அது முதலாளியின் சட்டபூர்வக் கையொப்பம். அதன் பின் எண்ணை டோக்கன் மேலேயே பேனாவால் எழுதி ஒட்டியிருந்தால், இதைப் படித்து முடிக்கும் முன்பே எழுந்துபோய்க் கிழித்துவிடுங்கள்.

கைரேகையிலும் பின் எண் இருக்கிறது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். விண்டோஸ் ஹலோவில் பின் எண் வைக்காமல் விரலைப் பதியவே முடியாது. விரல் ஏற்காதபோது அந்த எண்ணால் நுழைவார்கள். எனவே உங்கள் கைரேகைப் பூட்டு அந்த எண்ணின் வலிமையைத் தாண்டாது. குறைந்தது ஆறு இலக்கம், பிறந்த தேதியும் வண்டி எண்ணும் கூடாது.

ஒரு வாரம் சோதியுங்கள்

மொத்தமாக வாங்காதீர்கள். இரண்டு ரீடரும் ஐந்து கார்டும் வாங்கி, அலுவலகத்திலேயே ரேகை மோசமாக இருக்கும் ஐந்து பேரிடம் ஒரு வாரம் கொடுங்கள். நான் முன்பு செய்த பிழை, மேலாளரின் வழுவழுப்பான விரலில் செய்துகாட்டி எல்லோரையும் திருப்திப்படுத்தியதுதான்.

ஒவ்வொருவருக்கும் நான்கு விரல்களைப் பதியுங்கள்: இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல். ஒரு கையில் கட்டு போட்டாலும் மறு கை உதவும். பதியும்போது விரலைக் கொஞ்சம் சாய்த்தும் திருப்பியும் வையுங்கள். எல்லோரும் விரல் நுனியையே வைக்கிறார்கள், ரேகை செறிந்திருக்கும் நடுச்சுழி கண்ணாடியில் படுவதே இல்லை. நக நுனியிலிருந்து சற்றுக் கீழே இறங்கி, மாவு உருண்டையை லேசாக அழுத்துவது போல் பட்டையாக வைக்கச் சொல்லுங்கள். பாதிப் புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடும். காலையில் கை கழுவி வந்ததும் பதியாமல், வேலைக்கு நடுவில் மதியம் பதிவது நல்லது. அன்றாடம் வரப்போவது அந்தக் கைதான். மேசையில் ஒரு தாள் வைத்து, விரல் ஏற்காத ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.

எத்தனை கோடு வரை பொறுக்கலாம்? விண்டோஸ் ஹலோ ரீடர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வகுத்த வரையறை ஓர் அளவுகோல் தருகிறது. வேற்று விரலைத் தவறாக ஏற்பது 0.002 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். சரியான விரலைத் தவறாக மறுப்பது 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். 40 பேர் நாளொன்றுக்குப் பத்து முறை விரல் வைத்தால் 400 முறை. அதில் 40 முறை மறுக்கும் கருவிகூட விதிப்படி நல்ல கருவியாகவே இருக்கக்கூடும். பத்துக்கு ஒன்று என்றால் இன்னொரு முறை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒருவருக்கு மட்டும் பத்துக்கு நான்கு என்று வந்தால், அவருக்குக் கார்டு என்று அன்றே முடிவு செய்யுங்கள். அவர் விரலோடு போராட வேண்டாம்.

வாங்கும்போது 'விண்டோஸ் ஹலோவுக்கு ஏற்றது' என்று பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆதார் சரிபார்ப்புக்காக விற்கப்படும் ரீடர் கணினி உள்நுழைவுக்கும் வேலை செய்யும் என்று எண்ணிவிடாதீர்கள். விற்பனையாளர் தன் சொந்த மென்பொருளை நிறுவச் சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: ரேகையின் வார்ப்பு எங்கே இருக்கும்? "எல்லாம் சர்வரில் பத்திரமாக இருக்கும் சார்" என்று பதில் வந்தால் நான் அந்தக் கருவியை வாங்குவதில்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

டொமைனில், அதாவது ஒரு மைய சர்வரின் கட்டுப்பாட்டில், இணைந்த கணினிகளில் ஒரு குறுக்கு வழி உண்டு. ஹலோ ஃபார் பிசினஸை முறையாக அமைக்காமல், வசதிக்கான பின் எண்ணை அனுமதிக்கும் கொள்கையை (பாலிசி என்ற விண்டோஸ் அமைப்பை) மட்டும் இயக்கிவிடுவார்கள். விரல் வேலை செய்யும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அங்கே விரல் செய்வது, கணினியில் சேமித்து வைத்த பழைய கடவுச்சொல்லை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான். அந்தக் கடவுச்சொல் திருடு போனால் விரல் உங்களைக் காக்காது.

எல்லாக் கார்டும் ஸ்மார்ட் கார்டு இல்லை

வருகைப் பதிவுக்குக் கழுத்தில் தொங்கும் கார்டையே கணினிக்கும் தட்டிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். அந்தக் கார்டுகளில் பெரும்பாலானவை 125 கிலோஹெர்ட்ஸ் வகை. ரீடர் அருகில் போனதும் தன் எண்ணைக் கேட்டவருக்கெல்லாம் சொல்லிவிடும், அவ்வளவுதான். அதை நகலெடுக்கச் சிறு கருவி போதும். சற்று மேம்பட்ட மைஃபேர் கிளாசிக் கார்டின் மறையாக்கத்தையும் நெதர்லாந்தின் நைமேகன் நகர ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் உடைத்துக் காட்டினார்கள். கணினிக்கு வேண்டியது, சாவியைத் தன்னுள்ளேயே உருவாக்கி வைத்திருக்கும் சில்லு கொண்ட கார்டு. கதவுக்கும் கணினிக்கும் ஒரே கார்டு வேண்டுமென்றால் இரண்டு சில்லும் ஒன்றாகப் பதித்த கார்டு கிடைக்கிறது. அதை நான் விரும்பிப் பரிந்துரைப்பேன். தேநீர் குடிக்கப் போகவும் கேன்டீன் கதவைத் திறக்கவும் அதே கார்டு வேண்டும் என்றால், யாரும் அதைக் கணினியிலேயே விட்டுவிட்டுப் போகமாட்டார்கள்.

கார்டை உருவியதும் கணினி பூட்டிக்கொள்ளும்படி கொள்கை அமைக்க மறவாதீர்கள். அமைத்த பிறகும் பூட்டவில்லை என்றால், ஸ்மார்ட் கார்டு ரிமூவல் பாலிசி என்ற சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் நின்றிருக்கும்.

கார்டு கேட்கும் உழைப்பு

கார்டின் குறை அதன் பின்னணி வேலை. டொமைன் சர்வர் வேண்டும், கார்டு இன்னாருடையது என்று உறுதி சொல்லும் மின்னணுச் சான்றிதழை வழங்கும் சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் வேண்டும். பத்துக் கணினி மட்டும் உள்ள, சர்வரே இல்லாத அலுவலகத்தில் விண்டோஸின் உள்ளூர்க் கணக்குகளுக்குக் கார்டு உள்நுழைவு கிடையாது. அங்கே கார்டு விற்க வருபவர் வேறு ஏதோ மென்பொருளைத்தான் விற்கிறார். அத்தகைய இடத்துக்குக் கைரேகை போதும். மைக்ரோசாஃப்டின் மேகக் கணக்குகளைப் பயன்படுத்துபவர்கள் ஃபிடோ2 என்ற, கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவிகளையும் பார்க்கலாம்.

ஒரு பொங்கல் விடுமுறை முடிந்த காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நிறுவனத்தை ஒரு வாரத்துக்கு மேல் மூடியிருந்தார்கள். காலை எட்டரைக்கு எல்லோரும் கார்டைச் செருகினார்கள். பின் எண் சரி. ஆனால் கார்டின் சான்றிதழ் ரத்தாகிவிட்டதா இல்லையா என்று உறுதி செய்ய முடியவில்லை என்ற செய்தி எல்லாத் திரையிலும் ஒரே மாதிரி. மற்ற சர்வர்கள் எழுந்திருந்தன. சான்றிதழ் சர்வர் மட்டும் வட்டு பழுதாகி எழவில்லை. ரத்தான சான்றிதழ்களின் பட்டியலை அதுதான் வாரந்தோறும் புதுப்பித்து வெளியிட வேண்டும். பழைய பட்டியல் விடுமுறையிலேயே காலாவதியாகிவிட்டது. பட்டியல் இல்லாவிட்டால் எந்தக் கார்டும் செல்லாது. கன்டெய்னர் வாசலில் நிற்கிறது, பேக்கிங் லிஸ்ட் எடுக்க முடியவில்லை. முதலாளி அறை லாக்கரில் ஒட்டிய உறைக்குள் அவசரக் கணக்கின் நீண்ட கடவுச்சொல் இருந்ததால், பதினொரு மணிக்குள் காப்புப் பிரதியிலிருந்து சர்வரை எழுப்ப முடிந்தது. அந்த உறை இல்லாத அலுவலகத்துக்கு நான் இப்போது கார்டு அமைத்துத் தருவதில்லை. நீண்ட விடுமுறைக்கு முன் பட்டியலின் காலாவதித் தேதியைப் பார்ப்பதும், தேவையானால் அதன் காலத்தை நீட்டுவதும் தீபாவளி போனஸ் கணக்குப் போலவே தவறாமல் நடக்க வேண்டிய வேலை.

எல்லோருக்கும் ஒரே நாளில் கார்டு கொடுத்தால் எல்லோருடைய சான்றிதழும் ஒரே நாளில் முடியும். துறை வாரியாகத் தேதியைத் தள்ளிக் கொடுங்கள். பழைய அமைப்பு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். 2022 மே மாதம் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட புதுப்பிப்பு, சான்றிதழ் எந்தக் கணக்குக்கு உரியது என்பது ஐயமின்றிப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியிலிருந்து அது கண்டிப்பாக்கப்பட்டது. கார்டு நேற்று வரை வேலை செய்தது, இன்று திடீரென்று மறுக்கிறது என்று வரும் அழைப்புகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

திருடு போனால்

என் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான்: திருடு போனால் மாற்றித் தர முடியுமா?

2017 அக்டோபரில் இன்ஃபினியன் நிறுவனச் சில்லுகள் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறைக்கான சாவிகளை உருவாக்கும் விதத்தில் பெரிய குறை இருப்பது வெளிவந்தது. எஸ்தோனியாவில் மட்டும் ஏறத்தாழ 7,60,000 தேசிய அடையாள அட்டைகள் அதே சில்லில் இருந்தன. பழைய சான்றிதழ்களை நிறுத்தி, புதிய சாவிகளோடு புதுப்பித்தார்கள். பெரும் அலைச்சல்தான், ஆனால் சரிசெய்ய முடிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2015-இல், அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் திருடப்பட்டது தெரியவந்தது. அவர்களுக்கு யார் புது விரல் தருவார்கள்? நம் ஊரில் அதே விரலைத்தான் ரேஷன் கடையிலும், ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் கருவியிலும் வைக்கிறோம். ஒரு பனியன் கம்பெனி சர்வரில் 300 பேரின் ரேகையைக் குவித்து வைக்க நமக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். 2011-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் உடலடையாளத் தகவலை நுண்ணிய தனிப்பட்ட தகவல் என்றே வகைப்படுத்துகின்றன. எனவே எழுத்துபூர்வ ஒப்புதல் வாங்குங்கள். விரல் பதிய விரும்பாதவருக்குக் காரணம் கேட்காமல் கார்டு கொடுங்கள்.

போலி விரல் என்பது கதை இல்லை. யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தின் சுதோமு மட்சுமோட்டோ குழு 2002-இல் ஜெலட்டினில் விரல் வார்த்து, 11 கருவிகளில் வைத்துப் பார்த்தது. பதினொன்றும் ஏமாந்தன. இன்றைய ரீடர்கள் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனாலும் 2023 நவம்பரில் பிளாக்விங் இன்டெலிஜென்ஸ் ஆய்வாளர்கள் மூன்று லேப்டாப்களின் விண்டோஸ் ஹலோ கைரேகையைத் தாண்டிக் காட்டினார்கள். ரீடருக்கும் கணினிக்கும் இடையிலான பேச்சைக் காக்க மைக்ரோசாஃப்ட் வகுத்த ஏற்பாடு, மூன்றில் இரண்டில் இயக்கப்படவே இல்லை. இதற்கெல்லாம் லேப்டாப் கையில் கிடைக்க வேண்டும் என்பதால், மெர்ச்சண்டைசரின் லேப்டாப்புக்கு நான் இன்னும் கைரேகைதான் வைக்கிறேன். வங்கிப் பரிமாற்றம் செய்யும் அக்கவுண்ட்ஸ் கணினிக்கு வைப்பதில்லை.

இப்போது நான் செய்வது

அந்தச் சாய நிறுவனத்தில் பிறகு இப்படிப் பிரித்தோம். சொந்த லேப்டாப் உள்ள 16 பேருக்குக் கைரேகை. ஸ்டோர்ஸ், ஆய்வகம், பேக்கிங் ஆகிய பொதுக் கணினிகளுக்கு ஸ்மார்ட் கார்டு. அக்கவுண்ட்ஸுக்கும் சம்பளக் கணக்குக்கும் சர்வர் நிர்வாகிக்கும் ஸ்மார்ட் கார்டு, எட்டு இலக்கப் பின் எண். மறந்து வருபவர்களுக்காகப் பத்து உதிரிக் கார்டுகள் மனிதவளத் துறையில் பூட்டி இருக்கின்றன. அன்று மாலையே முடிந்துவிடும் தற்காலிகச் சான்றிதழோடு அவற்றைக் கொடுக்கிறார்கள். முதல் மாதம் தினமும் நாலைந்து பேர் மறந்து வந்தார்கள். கேன்டீன் கதவையும் கார்டோடு இணைத்த பிறகு வாரத்துக்கு ஒருவராகக் குறைந்தது. மிஞ்சிய ரீடர்களைக் கடைக்காரர் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆய்வகத்துப் பெண் கார்டைச் செருகி எண்ணைத் தட்டி ஒரே முறையில் உள்ளே போகிறார்.

வேலையை விட்டு ஒருவர் போகும்போது செய்ய வேண்டியதையும் தொடங்கும் நாளிலேயே எழுதி வையுங்கள். கடைசி நாள் மாலை அவர் கணக்கை முதலில் முடக்குங்கள். சான்றிதழை ரத்து செய்து பட்டியலை உடனே வெளியிடுங்கள், அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம். அவர் விரல் பதிந்த கணினிகளின் பெயர்கள் நோட்டில் இருக்கும். ஒவ்வொன்றிலும் ரேகையை அவர் கண்ணெதிரிலேயே நீக்கிக் காட்டி, நோட்டில் அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். கார்டை வாங்கி, பொன்னிறச் சில்லின் நடுவே கத்தரியால் வெட்டி, இரண்டு துண்டையும் அவருடைய கோப்பில் ஒட்டி வையுங்கள்.